ஆன்லைன் படிப்பில் சேரும் முன் கிரெடிட் கணக்கு பார்ப்போம்



இந்த மாதப் பாடம் கடன் பற்றியது அல்ல, படிப்பு பற்றியது. ஆனால் படிப்புக்காக நாம் வாங்குகிற கடனும் இதில் வருகிறது. குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசுங்கள். காலேஜ் போக வழியில்லாத பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நடந்த கதை ஒன்று

நம் வட்டாரத்தில் ஒரு குழு. அதில் ஓர் அக்காவின் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். டவுனுக்குப் போக பஸ் வசதி சரியில்லை, வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்போது ஒரு துண்டறிக்கை வந்தது. "ஆறே மாதத்தில் ஆன்லைன் டிகிரி, வீட்டில் இருந்தபடியே, கட்டணம் ரூ.15,000 மட்டும்." அக்கா குழுவில் உள்கடன் கேட்டார். பிள்ளை படிக்கட்டுமே என்று எல்லோரும் சம்மதித்தார்கள். தீர்மானம் எழுதிப் பணம் கொடுத்தார்கள்.

ஆறு மாதத்தில் பளபளப்பான சான்றிதழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அங்கே சரிபார்த்துவிட்டு, "இது டிகிரியே இல்லம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா மாதம் ரூ.1,000 வீதம் 15 தவணை கட்டினார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியும் சேர்த்து மொத்தம் ரூ.16,200. கடன் ஒழுங்காக அடைந்தது. பேரேட்டில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை.

இதில் எங்கள் தப்பும் உண்டு. அந்தத் துண்டறிக்கையை நாங்களும் கூட்டத்தில் பார்த்தோம். "நல்ல விஷயம்தானே" என்று சொன்னோம். கேட்க வேண்டிய கேள்வியை நாங்களும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

கிரெடிட் என்றால் என்ன?

இப்போது கல்லூரிப் படிப்பை வருடக் கணக்கில் மட்டும் அளப்பதில்லை, கிரெடிட் கணக்கிலும் அளக்கிறார்கள். நம் குழுவில் வாரம் வாரம் சேமிப்பு கட்டுகிறோம். அது பாஸ்புக்கில் ஏறுகிறது. அதுபோல ஒவ்வொரு பாடத்தையும் படித்துத் தேர்ச்சி பெற்றால் மாணவியின் கணக்கில் இத்தனை கிரெடிட் என்று ஏறும். மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022இல் வெளியிட்ட பாடத்திட்ட வரையறையில் சொல்லியிருக்கிறது.

சேமிப்புக்குப் பாஸ்புக் இருப்பதுபோல கிரெடிட்டுக்கும் ஒரு வங்கி உண்டு. 2021இல் யு.ஜி.சி. கொண்டுவந்தது. இதற்கு அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று பெயர். இங்கே பணம் போடுவதில்லை, படித்த கிரெடிட்தான் சேரும். பாதியில் படிப்பை விட்ட பெண் பிறகு வேறு இடத்தில் தொடர நினைத்தால் இந்தக் கணக்கு உதவும். அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் வரை கிரெடிட் செல்லுபடியாகும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கணக்கில் கிரெடிட் இருந்தாலும், சேரப்போகிற பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டால்தான் பயன்.

முதல் கணக்கு: நேரம்

தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாம் இக்னோ என்று சொல்வது, இந்தக் கணக்கில்தான் பாடம் வைத்திருக்கிறது. வீடியோ பார்ப்பது, புத்தகம் படிப்பது, ஒப்படைப்பு எழுதுவது எல்லாம் சேர்த்துத்தான் 30 மணி.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 120 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 30 மணி. மொத்தம் 3,600 மணி நேரம்.

மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இது முடிகிற காரியம்.

ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றால்? 3,600 மணியை 180 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 20 மணி நேரம். சாப்பிடாமல் தூங்காமல் படித்தால்தான் உண்டு! அந்தத் துண்டறிக்கை வந்த அன்றைக்கே இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் ரூ.16,200 மிச்சமாகியிருக்கும். 'பத்து நாளில் எம்.பி.ஏ.' என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி 2024இல் யு.ஜி.சி.யே எச்சரிக்கை விட்டது.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தினமும் மூன்று மணி நேரம் பிள்ளைக்கு யார் கொடுப்பது? தண்ணீர் பிடிப்பது, சமையல், மாடு, தம்பி தங்கை எல்லாவற்றையும் அவள் தலையில் வைத்துவிட்டு "வீட்டில் இருந்தபடியே படி" என்றால் நடக்காது. கட்டணத்தோடு நேரத்தையும் நாம் கட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கணக்கு: பணம்

துண்டறிக்கையில் இருப்பது முழுக் கட்டணம் அல்ல. எந்தப் படிப்பாக இருந்தாலும் இவற்றை எல்லாம் கூட்டுங்கள்:

1. மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் படிப்புக் கட்டணம்
2. பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம்
3. புத்தகம், ஜெராக்ஸ், ஒப்படைப்புத் தாள்
4. போன் ரீசார்ஜ்
5. தேர்வு மையத்துக்குப் போய்வர பஸ் செலவு, துணைக்கு வருகிறவர் செலவு, அன்றைய கூலி இழப்பு
6. ஃபெயில் ஆனால் மறுதேர்வுக் கட்டணம்
7. கடைசியில் பட்டச் சான்றிதழுக்கான கட்டணம்

இந்த மொத்தத்தை, பட்டத்துக்குச் செல்லும் கிரெடிட்டால் வகுங்கள். ஒரு கிரெடிட்டின் விலை வந்துவிடும். அரிசியை மூட்டை விலையில் ஒப்பிடாமல் கிலோ விலையில் ஒப்பிடுகிறோம் இல்லையா, அதே மாதிரிதான்.

கற்றுக்கொள்வதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. இவை உண்மையான நிறுவனங்களின் கட்டணம் அல்ல.

முதல் படிப்பு: கட்டணம் ரூ.24,000, மற்ற செலவு ரூ.9,000. மொத்தம் ரூ.33,000. கிரெடிட் 120. ஒரு கிரெடிட் ரூ.275.

இரண்டாவது படிப்பு: கட்டணம் ரூ.90,000, மற்ற செலவு ரூ.6,000. மொத்தம் ரூ.96,000. கிரெடிட் 120. ஒரு கிரெடிட் ரூ.800.

மூன்றாவது படிப்பு: கட்டணம் ரூ.15,000. மற்ற செலவு இல்லை. ஏற்றுக்கொள்ளப்படும் கிரெடிட் பூஜ்யம். வகுக்கவே முடியாது. மூன்றிலும் குறைந்த கட்டணம் இதுதான், ஆனால் முழு நஷ்டமும் இதுதான்.

நமக்கு முன்னால் உள்ள வழிகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் அரசு கல்லூரி இருந்து, பிள்ளை போய்வர முடியும் என்றால் அதைத்தான் முதலில் பாருங்கள். ஆசிரியர், நூலகம், தோழிகள் எல்லாம் அங்கே கிடைக்கும். 2022 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு உயர்கல்வியின்போது மாதம் ரூ.1,000 என்று வைத்தார்கள். தொலைதூரக் கல்வியில் படிக்கிறவர்களுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. மூன்று வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் ரூ.36,000 வரை வருகிறது. "வீட்டில் இருந்தே படித்தால் செலவு மிச்சம்" என்று நினைக்கிறவர்கள் இந்த வரவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு மூன்று விதமான வழிகள் இருக்கின்றன.

ஒன்று, திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது இக்னோ. சென்னையிலும் மதுரையிலும் அதன் மண்டல மையங்கள் உள்ளன. 2002இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இக்னோவில் பி.ஏ.வை மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம். பிரசவம், குடும்பக் கஷ்டம் என்று இடையில் நின்றாலும் தொடர இடம் இருக்கிறது. பெரும்பாலான பாடங்களில் ஒப்படைப்புக்கு 30 சதவீதமும் தேர்வுக்கு 70 சதவீதமும் மதிப்பெண். ஆனால் இக்னோவின் பட்டப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழில் படிக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை விசாரியுங்கள்.

இரண்டு, முழுப் பட்டத்தையும் ஆன்லைனில் நடத்துவது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தரவு அறிவியல் பட்டப் படிப்பைத் தொடங்கியது ஒரு நல்ல உதாரணம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பாடம் ஆன்லைனில் நடந்தாலும் முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். தொடங்கிய காலத்தில் முதல் கட்டமான அடிப்படை நிலைக்கு 32 கிரெடிட், ரூ.32,000 என்று வைத்தார்கள். கிரெடிட்டுக்கு ரூ.1,000. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 75 சதவீதம் வரை சலுகையும் உண்டு. அந்தச் சலுகை முழுதாகக் கிடைத்தால் ரூ.32,000 என்பது ரூ.8,000 ஆகிறது. ஒரு கிரெடிட் ரூ.250. முதலில் கேட்ட விலையைப் பார்த்துப் பயந்து விலகக்கூடாது, சலுகையைக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். இன்றைய கட்டணத்தை நேரடியாக விசாரித்துக்கொள்ளுங்கள். இந்தப் படிப்புக்கு கணக்கிலும் ஆங்கிலத்திலும் பழக்கம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்று, தனித்தனிப் பாடங்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017இல் தொடங்கியது. அதில் பாடம் படிப்பது இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களும் இதில் உள்ளன. 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், தேர்வுக் கட்டணம் ரூ.1,000. ஒரு கிரெடிட் சுமார் ரூ.333 ஆகிறது. வாரம் வாரம் ஒப்படைப்பு உண்டு, அதற்கு 25 மதிப்பெண். மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. தரமான ஏற்பாடு.

ஆனால் இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஸ்வயம் பாடங்களை எத்தனை படித்தாலும் ஸ்வயம் பட்டம் தராது. ஏற்கெனவே ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிற மாணவிக்கு, அந்தக் கல்லூரி முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட பாடமாக இருந்தால், கிரெடிட் சேரும். 2021 விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படிக்கலாம். அது மேல் வரம்புதான். எந்தப் பாடம் செல்லும் என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும். எனவே பணம் கட்டும் முன் கல்லூரியில் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கிரெடிட் வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும் என்றால் பணமே கட்டாமல் படிக்கலாம்.

தரத்தை எப்படிப் பார்ப்பது?

நாம் பட்டம் வாங்கியவர்கள் இல்லையே, தரம் எப்படித் தெரியும் என்று சில அக்காமார் கேட்கிறார்கள். மாடு வாங்கப் போகும்போது நாம் மாட்டு டாக்டரா என்ன? பல்லைப் பார்க்கிறோம், கறந்து பார்க்கிறோம், பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோம். படிப்புக்கும் அப்படிச் சில கேள்விகள் உண்டு.

1. பட்டம் தருவது யார்? விளம்பரம் செய்யும் கம்பெனியா, பல்கலைக்கழகமா? பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.
2. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த வருடச் சேர்க்கைக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா? மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் நல்லதாக இருந்தும் அந்தப் படிப்புக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம்.
3. பாடம் எந்த மொழியில்? மாதிரிப் பாடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையை ஒரு மணி நேரம் படிக்கவிட்டு, என்ன புரிந்தது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். இக்னோ பாடப் புத்தகங்களை இகியான்கோஷ் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.
4. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? மையம் எங்கே இருக்கிறது?
5. ஒப்படைப்பு உண்டா? அதைத் திருத்தித் தருவார்களா?
6. தேர்வை யார், எங்கே நடத்துகிறார்கள்? "தேர்வே இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் அங்கே படிப்பும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கான பதில் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் கிடைக்கும். முகவரி: டெப் டாட் யு.ஜி.சி. டாட் ஏசி டாட் இன். ஐ.ஐ.டி. மட்டும் தனிச் சட்டப்படி நடப்பது, அதை அதன் சொந்த இணையதளத்தில் பாருங்கள். 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து, பல்கலைக்கழகங்களின் தொலைநிலை மற்றும் ஆன்லைன் பட்டப் படிப்பில் சேரும் மாணவி இந்தத் தளத்தில் 'டெப் ஐ.டி.' என்ற எண்ணை உருவாக்க வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், பணத்தைக் கட்டுங்கள்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஏமாறக்கூடாத நான்கு இடங்கள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்று சொல்லி யு.ஜி.சி. அனுமதி பெறாமல் இங்குள்ள கம்பெனிகள் நடத்தும் ஆன்லைன் படிப்புகள் செல்லாது என்று 2023 டிசம்பரில் யு.ஜி.சி. அறிவித்தது.

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, இன்ஜினியரிங், சட்டம் ஆகிய பட்டங்களைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த அனுமதி இல்லை. "வீட்டிலிருந்தே நர்சிங் டிகிரி" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 2025 சேர்க்கையிலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து போன்ற பாடங்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

பல்கலைக்கழகம் தன் தொலைநிலைப் படிப்பை வேறொரு சென்டருக்கு ஏஜென்சி கொடுத்து நடத்த விதி இடம் தரவில்லை. எனவே பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே கட்டுங்கள்.

நான்காவது நமக்கே நெருக்கமானது. பத்தாவது மட்டும் படித்த உறுப்பினர்கள் சிலர் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பத்தாவது, ப்ளஸ் டூ, பிறகு பட்டம் என்று வரிசையாகப் படிக்காமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணை வந்துவிட்டது. எனவே முதலில் ப்ளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள்.

இவ்வளவு சொன்னதால் ஆன்லைன் என்றாலே ஏமாற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். முறையான அனுமதி உள்ள தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவாக அறிவித்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. எந்தக் கதவு என்று பார்த்து நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

குழு என்ன செய்யலாம்?

படிப்புக்குக் கடன் கேட்டு வரும்போது இந்த நான்கையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.

1. மேலே சொன்ன ஆறு கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகே கடன்.
2. மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், பருவம் பருவமாகக் கொடுப்பது. அடுத்த தவணைக்குப் போன பருவத்தின் மதிப்பெண் பட்டியலைக் காட்ட வேண்டும்.
3. பல்கலைக்கழகத்தின் ரசீது நகல் குழுவின் கோப்பில் இருக்க வேண்டும்.
4. இணையத்தில் பார்த்துச் சொல்ல ஊக்குநரோ, குழுவில் படித்த பெண்ணோ பொறுப்பு ஏற்க வேண்டும். முடியாவிட்டால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.

அந்த அக்காவின் மகள் இப்போது டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். திறந்தநிலைப் படிப்பில் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள். இரண்டாவது தடவை கடன் கேட்க அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. குழுவே கூப்பிட்டுக் கொடுத்தது. இந்தத் தடவை அந்த அனுமதிப் பட்டியலை அந்தப் பிள்ளையே போனில் திறந்து எல்லோருக்கும் காட்டினாள். ராத்திரி எட்டு மணியிலிருந்து பதினோரு மணி வரை அவள் படிக்கிற நேரம். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவுவது அவளுடைய அப்பா என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள், மருமகள்கள் எத்தனை பேர்? எதனால் நின்றது?
2. உங்கள் ஊருக்கு வந்த ஏதாவது ஒரு படிப்பு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேரக் கணக்கும் பணக் கணக்கும் போட்டுப் பாருங்கள். என்ன விடை வருகிறது?
3. ஒரு பிள்ளைக்குத் தினமும் மூன்று மணி நேரம் கிடைக்க, வீட்டில் யார் யார் எந்த வேலையைப் பகிர்ந்துகொள்வது?

உங்கள் பதில்களை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வாருங்கள்.